வண்டி கேள்விகள்: 20 அங்குல அலாயும் ஏற்காட்டு வளைவுகளும்

சேலத்தில் 27 வருடமாக டயர், வீல் அலைன்மென்ட் பட்டறை வைத்திருக்கிறேன். இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் பிக்கப் வண்டிக்கு ரிம், டயர் மாற்றுவதைப் பற்றித்தான். அதில் நான்கை எடுத்துக்கொண்டேன். முதல் பதில் நீளம். கேட்டவர் இன்னும் பணம் கட்டவில்லை என்று எழுதியிருப்பதால் எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தேன்.

கேள்வி: ஐயா, ஏற்காட்டில் எங்களுக்குக் காபி, மிளகுத் தோட்டம். சென்ற வருடம் இசுசு வி-கிராஸ் பிக்கப் வாங்கினோம். கம்பெனி டயர் 255/60 ஆர்18. எனக்கு 20 அங்குல அலாய் (அலுமினியக் கலவை) ரிம்மும், வெளியே தள்ளி நிற்கிற மாதிரி அகலமான மட் டயரும் போட ஆசை. கடையில் கேட்டால், "ஆறு போல்ட்தானே, அப்படியே உட்காரும்" என்கிறார்கள். அப்பா வேண்டாம் என்கிறார். போடலாமா?
— தோட்டக்காரர் மகன், ஏற்காடு

பதில்: தம்பி, உங்கள் வண்டி தினமும் என்ன செய்கிறது என்பதிலிருந்து தொடங்குவோம். சேலத்திலிருந்து உர மூட்டையோடு 20 கொண்டை ஊசி வளைவு ஏறுகிறது. காபி மூட்டையோடு அதே 20 வளைவு இறங்குகிறது. தோட்டத்துக்குள் கல்லும் சேறும். இந்த வேலைக்கு எந்தச் சக்கரம் என்று பார்த்தால் அப்பா பக்கம்தான் நியாயம் இருக்கிறது. ஆனால் ஆசையை முழுசாக விட வேண்டியதும் இல்லை.

கடைக்காரர் சொன்ன ஆறு போல்ட் சரிதான். எதிர் எதிர் போல்ட்டுக்கு நடுவே 139.7 மில்லிமீட்டர். இதே அளவில் டொயோட்டா ஹைலக்ஸ் உட்படப் பல வண்டிகள் இருப்பதால் கடையில் ரிம்முக்குப் பஞ்சமே இல்லை. ஆனால் போல்ட் உட்காருவதால் மட்டும் ரிம் உங்கள் வண்டிக்கானது ஆகிவிடாது. நடுத் துளை ஹப்போடு (சக்கரத்தை மாட்டுகிற நடுப்பகுதியோடு) பொருந்த வேண்டும். நட் உட்காரும் இடம் சரியான வடிவில் இருக்க வேண்டும். ரிம் எத்தனை கிலோ தாங்கும் என்று அதன் பின்பக்கம் பொறித்திருக்க வேண்டும். அதெல்லாம் இருந்தாலும் ஆஃப்செட் தவறினால் மிச்சமெல்லாம் வீண்.

ஆஃப்செட் என்பது, ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து அது ஹப்போடு ஒட்டும் முகம் எவ்வளவு தள்ளி இருக்கிறது என்ற கணக்கு. ரிம்மில் ஈ.டி. என்று போட்டு ஒரு எண் இருக்கும். இந்த வகைப் பிக்கப்புகளின் கம்பெனி ரிம்மில் அது 30-ஐ ஒட்டி வரும். நீங்கள் ஆசைப்படுகிற "வெளியே தள்ளி நிற்கிற" ரிம்மில் பூஜ்யமாகவோ மைனஸாகவோ இருக்கும். ஏழரை அங்குல அகலம், ஈ.டி. 30 உள்ள ரிம்மைக் கழற்றிவிட்டு ஒன்பது அங்குல அகலம், ஈ.டி. பூஜ்யம் போட்டால், வெளி விளிம்பு 49 மில்லிமீட்டர் வெளியே வந்துவிடும். அகலத்தால் 19, ஆஃப்செட்டால் 30. பார்க்கக் கம்பீரமாகத்தான் இருக்கும். ஆனால் வண்டியின் பாரம் வீல் பேரிங்கை நேராக அழுத்துவதை விட்டுவிட்டு நெம்பத் தொடங்கும். குழியில் விழும்போதெல்லாம் ஸ்டியரிங் கையைப் பிடித்து இழுக்கும். மழையில் சேறு முழுக்கக் கதவில் அடிக்கும். ஒரு வருடத்துக்குள் பேரிங் சத்தத்தோடு எங்கள் பட்டறைக்கு வந்த இப்படிப்பட்ட வண்டிகள் நிறைய.

அடுத்தது 20 அங்குலம். ரிம் பெரிதானால் ரப்பர் குறையும். 255/60 ஆர்18 என்றால் டயர் அகலம் 255 மில்லிமீட்டர், அதில் 60 சதவீதம் பக்க உயரம், ரிம் 18 அங்குலம். அந்த டயரில் தரைக்கும் ரிம்முக்கும் நடுவே 153 மில்லிமீட்டர் ரப்பர் இருக்கிறது. ஏறக்குறைய அதே உயரத்துக்கு 265/50 ஆர்20 போட்டால் அது 132 ஆகிறது. தோட்டத்துக் கல்லின் இடியை வாங்குவது அந்த ரப்பர்தான். அது குறையக் குறைய இடி ரிம்முக்குப் போகும். இரும்பு டிஸ்க் (இரும்பு ரிம்) வளைந்தால் தட்டி நிமிர்த்தலாம். அலாய் விரிசல் விட்டால் தூக்கிப் போட வேண்டியதுதான். வெல்டிங் வைத்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் எதிர்ப்பக்கம் போவேன். 17 அங்குல அலாய், 255/65 ஆர்17 டயர். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 18 அங்குலச் சக்கரத்தின் மொத்த உயரம் 763 மில்லிமீட்டர், இதற்கும் 763. ஸ்பீடாமீட்டர் மாறாது, கியர் இழுவை மாறாது, ரப்பர் மட்டும் 166 மில்லிமீட்டர் ஆகிவிடும். ஆஃப்செட்டை 25-க்குக் கீழே இறக்காதீர்கள். கறுப்பு நிறத்தில் நல்ல டிசைன் 17 அங்குலத்திலும் கிடைக்கிறது. வாங்கும் முன் ஒன்று செய்யுங்கள். டயர் ஏற்றாத வெறும் ரிம்மை முன் ஹப்பில் மாட்டி, கையால் ஒரு சுற்று சுற்றிப் பாருங்கள். பிரேக் காலிப்பரில் எங்கும் உரசக் கூடாது. டயர் ஏற்றிய பிறகு உரசினால் பல கடைகளில் ரிம்மைத் திரும்ப வாங்க மாட்டார்கள்.

டயர் ஆல்-டெரெய்ன் வகை (தார், மண் இரண்டுக்கும் ஆனது) போதும். மட் டயரில் ரப்பர் கட்டைகளுக்கு நடுவே இடைவெளி அதிகம். சேற்றில் அது அருமையாகப் பிடிக்கும். ஆனால் நனைந்த தார் ரோட்டில், அதுவும் பனி இறங்கிய மலைப்பாதை வளைவில், தரையைத் தொடுகிற ரப்பர் குறைவாக இருப்பதால் வழுக்கும். உங்கள் ஓட்டத்தில் சேறு எத்தனை கிலோமீட்டர், தார் எத்தனை கிலோமீட்டர் என்று ஒரு வாரம் எழுதி வைத்துப் பாருங்கள்.

"275/65 ஆர்18 போட்டால் வண்டி உயரும்" என்றும் சிலர் சொல்வார்கள். உயரும், 26 மில்லிமீட்டர். ஆனால் சக்கரத்தின் மொத்த உயரம் 815 ஆகிவிடுவதால், மீட்டர் 80 காட்டும்போது வண்டி 85-ல் ஓடும். அதைவிட முக்கியமான சங்கதி ஒன்று இருக்கிறது. சக்கரம் பெரிதானால் ஒவ்வொரு கியரும் கொஞ்சம் நீண்டுவிடும். லோடோடு மலை இறங்கும்போது இரண்டாம் கியரில் என்ஜின் வண்டியைப் பிடித்து வைக்குமே, அந்தப் பிடி குறையும். அந்த வேலையும் பிரேக் தலையில் விழும். இறக்கத்தில் பிரேக் சூடேறி மிதி அமுங்கிப்போன அனுபவம் உள்ளவர்களைக் கேட்டுப் பாருங்கள்.

ஸ்டெப்னியை மறக்காதீர்கள். நான்கு சக்கரம் ஒரு உயரம், ஸ்டெப்னி வேறு உயரம் என்றால், பஞ்சரான அன்று ஃபோர்-வீல் போடவே முடியாது. போட்டால் கியர்பெட்டிக்கு அடி. புது அலாயின் நட் கம்பெனி டிஸ்க்குக்குப் பொருந்தாமலும் போகலாம். கழற்றிய பழைய நட்டில் ஆறைத் துணியில் சுற்றி டேஷ்போர்டில் போட்டு வையுங்கள்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவின்படி, தயாரித்த கம்பெனி கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. எதை மாற்றினாலும் காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுதி, பதிலை எழுத்திலேயே வாங்கி வையுங்கள்.

கேள்வி: ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டிலிருந்து தினமும் காய்கறி ஏற்றுகிறேன். பொலேரோ பிக்கப், 1.7 டன். இருப்பது 7.00 ஆர்15 எல்.டி. (லைட் டிரக், லோடு வண்டிக்கான) டயர். நண்பர் ஒருவர், ஆள் ஏறும் பொலேரோவின் 215/75 ஆர்15 டயரும் அலாயும் குறைந்த விலைக்குத் தருகிறேன் என்கிறார். வண்டி குலுங்காமல் போகும் என்கிறார்.
— லோடு வண்டி உரிமையாளர், ஒட்டன்சத்திரம்

பதில்: வேண்டாம். குலுங்காமல் போகும் என்பது உண்மைதான். மெல்லிய பக்கச்சுவர் என்பதால்தான் குலுங்குவதில்லை.

அந்த டயரின் பக்கவாட்டில் அளவை அடுத்து 100 எஸ் என்பதுபோல ஒரு எண்ணும் எழுத்தும் இருக்கும். எண் சுமைக்கு, எழுத்து வேகத்துக்கு. 100 என்றால் ஒரு டயர் 800 கிலோ தாங்கும். 108 என்றால் 1000, 112 என்றால் 1120, 115 என்றால் 1215. 121/118 என்று இரண்டு எண் இருந்தால், முதலாவது ஒற்றைச் சக்கரத்துக்கு, இரண்டாவது பின்னால் இரட்டையாக மாட்டும்போது. எந்த டயர் வாங்கினாலும் இப்போது இருக்கிற எண்ணுக்கு ஒன்றுகூடக் குறையக் கூடாது.

இதை நான் பட்டுத்தான் கற்றேன். 2009-ல் என் சொந்த லோடு வண்டிக்கு, கடையில் தேங்கிக் கிடந்த இதே 215/75 ஆர்15 டயரை, 100 எண் உள்ளதை, நானே மாட்டினேன். ஆறு மாதம் ஒன்றும் ஆகவில்லை. ஏப்ரல் மாதம், நடுமத்தியானம், ஆத்தூரிலிருந்து நாமக்கல் கோழித் தீவன ஆலைக்கு மக்காச்சோளம் ஒன்றரை டன். ஓட்டியது என் மச்சான். பின் டயர் இரண்டும் சேர்ந்து தாங்குவது 1600 கிலோ. சோளத்தோடு வண்டியின் பின்பாதி எடையையும் சேர்த்தால் 2000-க்கு மேல். தாங்க முடியாத டயர் ஒவ்வொரு சுற்றிலும் அதிகமாக அமுங்கி எழும். அமுங்கி எழ எழ உள்ளே சூடு ஏறும். அந்தச் சூட்டில் மேல் ரப்பர் உள் கம்பியை விட்டுப் பிரியும். ராசிபுரம் தாண்டி இடது பின் டயர் வெடித்து வண்டி பள்ளத்தில் சாய்ந்தது. மச்சானுக்குத் தோள்பட்டை எலும்பு முறிந்து மூன்று மாதம் படுத்திருந்தார். அந்த டயரை இன்றும் பட்டறையில் மாட்டி வைத்திருக்கிறேன். எண் பற்றி யாராவது கேட்டால் அதைத்தான் காட்டுகிறேன்.

அலாய் விஷயமும் அப்படித்தான். ஆள் வண்டியின் அலாய் ஆள் வண்டியின் எடைக்காகச் செய்தது. உங்களுக்கு இரும்பு டிஸ்க்தான் நல்லது. அந்தப் பணத்தில் நல்ல எல்.டி. டயர் இரண்டு வாங்கிப் பின்னால் போடுங்கள். லோடு ஏற்றும் நாளில் காலையில், டயர் சூடேறும் முன் காற்று பாருங்கள்.

கேள்வி: வெளிநாட்டு ஆல்-டெரெய்ன் டயர், ஓட்டாதது, பாதி விலைக்கு வருகிறது. வாங்கலாமா?
— வாசகர், சேந்தமங்கலம்

பதில்: பக்கச்சுவரில் டி.ஓ.டி. என்று தொடங்கும் வரிசையின் கடைசி நான்கு எண்ணைப் பாருங்கள். 2319 என்றால் 2019-ஆம் வருடம் 23-ஆம் வாரம் செய்தது. 2020 ஜூனில் புது டயர் இறக்குமதிக்கு அரசு கட்டுப்பாடு கொண்டுவந்தது. அதற்கு முன் வந்து கிடங்கில் கிடந்த சரக்கும் பாதி விலையில் சுற்றுகிறது. ஓட்டாவிட்டாலும் ரப்பர் இறுகும். ஐ.எஸ்.ஐ. முத்திரையும் இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு வருடத்துக்கு உட்பட்டது என்றால் பேரம் பேசி வாங்குங்கள். அதற்கு மேல் என்றால், கொல்லிமலையின் 70 வளைவு ஏறி இறங்குகிற உங்களுக்கு நான் தர மாட்டேன்.

கேள்வி: சார், திருச்செங்கோட்டில் விசைத்தறி நடத்துகிறேன். ஹைலக்ஸ் வண்டிக்கு அலாய் மாற்றியதிலிருந்து 80 கிலோமீட்டர் வேகத்தில் ஸ்டியரிங் நடுங்குகிறது. மூன்று முறை பேலன்சிங் செய்தும் போகவில்லை. டயரை மாற்றச் சொல்கிறார்கள்.
— விசைத்தறி உரிமையாளர், திருச்செங்கோடு

பதில்: அம்மா, டயருக்குப் பணம் செலவழிக்கும் முன் நடுத் துளையைப் பாருங்கள். உங்கள் வண்டியின் ஹப் 106 மில்லிமீட்டர். வெளியில் விற்கும் ரிம்மில், எல்லா வண்டிக்கும் ஆகட்டும் என்று 110 வரை துளை வைத்திருப்பார்கள். அப்போது ரிம் ஹப்பின் மேல் உட்காராமல் நட்டின் பிடியில் மட்டும் தொங்கும். ஒரு மில்லிமீட்டர் தள்ளி இறுகினாலும் நடுக்கம் வரும். பேலன்சிங் மெஷினில் ரிம்மை வேறு விதமாகப் பிடிப்பதால் அங்கே எல்லாம் சரியாகவே காட்டும். அதனால்தான் மூன்று முறையும் பிடிபடவில்லை.

ஹப்பின் வெளி விட்டத்தையும் ரிம் துளையின் விட்டத்தையும் வெர்னியரால் அளந்து, நடுவே போடும் ஹப் ரிங் நான்கு வாங்கிக்கொள்ளுங்கள். விலை அதிகமில்லை. அப்படியே நட்டையும் பாருங்கள். சில கம்பெனி அலாயில் அடி தட்டையான, வாஷர் வைத்த நட் வரும். வெளி ரிம் பெரும்பாலும் கூம்பு நட் கேட்கும். பழைய நட்டையே போட்டிருந்தால் ஓரத்தில் மட்டும் பிடித்திருக்கும். அது நடுக்கத்தோடு நிற்காது, சக்கரமே கழன்று போகும் அபாயம் உண்டு. ஆகவே பார்க்கும் வரை வண்டியை வேகமாக ஓட்ட வேண்டாம். மாட்டும்போது சக்கரத்தைத் தரையில் இறக்கும் முன் எதிர் எதிர் நட்டாகக் கையால் இறுக்கி, இறக்கிய பிறகு டார்க் ரெஞ்சால் கையேட்டில் சொன்ன அளவுக்கு முடுக்கச் சொல்லுங்கள். காற்றுத் துப்பாக்கியால் அடித்துவிட்டு அனுப்ப விடாதீர்கள். 100 கிலோமீட்டர் ஓடிய பிறகு ஒருமுறை திரும்ப முடுக்க வேண்டும். அதற்குப் பின்னும் நடுங்கினால் முன் சக்கரத்தைப் பின்னாலும் பின் சக்கரத்தை முன்னாலும் மாற்றிப் போட்டு ஓட்டிப் பார்த்து எனக்கு எழுதுங்கள். நடுக்கம் ஸ்டியரிங்கிலிருந்து சீட்டுக்கு இடம் மாறினால் கோளாறு ரிம்மிலோ டயரிலோதான். மாறாவிட்டால் பேரிங்கையும் டை ராட் எண்டையும் (ஸ்டியரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் தண்டின் முனை) பார்ப்போம்.