ஸ்விட்ச் லாக் எங்கே போகிறது? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எங்கள் கிடங்கில் மூன்று சிஸ்கோ கேட்டலிஸ்ட் ஸ்விட்ச்கள் (கணினிகளை வலையமைப்பில் இணைக்கும் பெட்டிகள்). இடிமழையில் மின்சாரம் போய் வந்தால் முந்தைய லாக் (நிகழ்வுப் பதிவு) எல்லாம் மாயமாகி, புதியவை மார்ச் 1 என்று தேதி காட்டுகின்றன. சும்மா கிடக்கும் ஒரு கணினியில் லாகைச் சேமிக்க முடியுமா?
– வாசகர், பிறை, பினாங்கு

பதில்: தாராளமாக. ஸ்விட்ச் தன் லாகை ரேமில் வைத்திருப்பதால் மின்சாரம் போனால் அதுவும் போய்விடும். பேட்டரி கடிகாரம் இல்லாத மாடல்கள் எழுந்ததும் 1993 மார்ச் 1-இலிருந்து எண்ணத் தொடங்கும். வரியின் முன்னால் நட்சத்திரக் குறி இருந்தால் அந்த நேரத்தை நம்பாதீர்கள்.

கணினியில் உபுண்டு (லினக்ஸ் இயங்குதளம்) போட்டு, மாறாத ஐ.பி. முகவரி கொடுங்கள். லாகைப் பெற்றுச் சேமிக்கும் ஆர்சிஸ்லாக் நிரலின் அமைப்புக் கோப்பில் ஐ.எம்.யூ.டி.பி. (imudp) என்று வரும் இரண்டு வரிகளின் முன்னுள்ள # குறியை எடுத்துவிட்டு ஆர்சிஸ்லாகை ரீஸ்டார்ட் செய்யுங்கள். ஃபயர்வாலில், லாக் வந்து சேரும் யூ.டி.பி. 514 போர்ட் திறந்திருக்க வேண்டும் (யூ.டி.பி. என்பது சேர்ந்ததா என்று உறுதி கேட்காமல் அனுப்பும் முறை). பலர் தடுக்கி விழும் இடம் இதுதான்.

ஸ்விட்சில் 'லாக்கிங் ஹோஸ்ட்' கட்டளையோடு அந்த ஐ.பி.யைக் கொடுங்கள். 'லாக்கிங் சோர்ஸ்-இன்டர்ஃபேஸ்' மூலம், ஸ்விட்ச்களை நிர்வகிக்கும் தனி வலைப்பிரிவான மேனேஜ்மென்ட் வி-லேனைக் குறிப்பிட்டால், ஒரே ஸ்விட்ச் வேறு வேறு முகவரியில் வந்து குழப்பாது. நேரத்தைச் சரியாக வைக்கும் என்.டி.பி. சர்வரும் மலேசியாவின் +8 நேர மண்டலமும் அவசியம். லாகில் நேரம் பதிக்கும் டைம்ஸ்டாம்ப் வரியில் 'லோக்கல்டைம்' விட்டுப்போனால் லாக் எட்டு மணி நேரம் பின்தங்கி நிற்கும்.

எந்த நிலை வரையிலான செய்திகளை அனுப்புவது என்று சொல்லும் 'லாக்கிங் டிராப்' அளவை இயல்பான 6-லேயே விடுங்கள். எண் சிறியதானால் விஷயம் பெரியது என்பது கணக்கு. சத்தம் குறையட்டுமே என்று 4 வைத்தால், ரீஸ்டார்ட் ஆன செய்தியும் கான்ஃபிக் மாற்றிய செய்தியும் வராது. இரண்டுமே நிலை 5. ஊழியர் கணினிகளை அணைத்துப் போடுவதால் 'இணைப்பு போனது, வந்தது' என்று லாக் குவிந்தால், அந்தப் போர்ட்டுகளில் மட்டும் 'நோ லாக்கிங் ஈவன்ட் லிங்க்-ஸ்டேட்டஸ்' போதும்.

சோதிக்க, ஸ்விட்சில் அமைப்பை மாற்றும் கான்ஃபிக் மோடுக்குள் போய் வெளியே வாருங்கள். உடனே ஒரு செய்தி கிளம்பும். கோப்பில் காணோமா? கணினியில், வந்துசேரும் பாக்கெட்டுகளைக் காட்டும் டி.சி.பி.டம்ப் ஓடவிட்டு 514-ஐக் கவனியுங்கள். பாக்கெட் வந்தால் கோளாறு கணினியில். வராவிட்டால் ஸ்விட்சிலோ பாதையிலோ.

கேள்வி: யூ.டி.பி. என்றால் லாக் வழியில் தொலையாதா?
– வாசகர், செந்தூல்

பதில்: தொலையும், சேர்ந்ததா என்று ஸ்விட்ச் கேட்பதே இல்லை. அப்லிங்க் (மற்ற ஸ்விட்சுக்குப் போகும் இணைப்பு) எழும் முன் அனுப்பியதும் போய்ச் சேராது. எனவே ஸ்விட்சின் ரேமிலும் ஒரு பிரதி வைக்கும் 'லாக்கிங் பஃபர்டு' இருக்கட்டும். மின்சாரம் அறுந்த ஸ்விட்ச் தன் முடிவைத் தானே சொல்லாது, பக்கத்து ஸ்விட்சின் 'லிங்க் டவுன்' வரிதான் சாட்சி. ஆகவே எல்லா ஸ்விட்சிலும் இதை அமையுங்கள். லாக் கணினியும் அதற்குப் போகும் வழியிலுள்ள ஸ்விட்சும் யூ.பி.எஸ்.ஸில் இருக்க வேண்டும்.