கவலைப்பட ஒரு தேதி

அன்புள்ள ஐயா,

வணக்கம். பொள்ளாச்சியில் ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்காளராக இருக்கிறேன். வயது 29. வரும் ஜூலையில் ஐஸ்லாந்துக்குத் தனியாகச் சைக்கிள் பயணம் போகத் திட்டமிட்டிருக்கிறேன். நாட்டின் நடுவே தெற்கிலிருந்து வடக்கே போகும் கியோலுர், ஸ்ப்ரெங்கிசாந்துர் என்ற இரண்டு மேட்டுநிலப் பாதைகளில் எதைத் தேர்ந்தெடுக்கலாம்? நீங்கள் கியோலுர் போனதைப் பற்றி எழுதியிருந்தீர்கள்.

கூடாரம், அடுப்பு, உணவு எல்லாம் சைக்கிளிலேயே. யாரிடமும் எதையும் கேட்காமல், முழுக்க என் சொந்தக் காலில் நின்று ஒரு பயணத்தை முடித்துப் பார்க்க வேண்டும் என்பது பல வருட ஆசை. நாளுக்கு 100 கிலோமீட்டர் போட்டிருக்கிறேன். ஒவ்வொரு பொருளின் எடையையும் குறித்த பட்டியலை இணைத்திருக்கிறேன். 40 மில்லிமீட்டர் டயர் போதுமா? ஆபத்தில் உதவி கேட்டுச் செய்தி அனுப்பும் செயற்கைக்கோள் கருவி 100 கிராம் கூடுகிறது, அது அவசியமா? அம்மா பயப்படுவார் என்பதால் வீட்டில் குழுவாகப் போவதாகச் சொல்லியிருக்கிறேன். அந்தத் தொல்லை முடிந்தது. பாதை விஷயத்தில் மட்டும் வழிகாட்டுங்கள்.

எஸ்., பொள்ளாச்சி

*

அன்புள்ள எஸ்.,

கியோலுர் போங்கள். ஸ்ப்ரெங்கிசாந்துரை இன்னொரு முறைக்கு வைத்துக்கொள்ளுங்கள். அங்கே பாலமில்லாத ஆறுகளை இறங்கிக் கடக்க வேண்டும். பனியாற்றிலிருந்து வரும் தண்ணீர் கலங்கலாக இருக்கும், அடி தெரியாது. விடிகாலையில் முழங்காலுக்குக் கீழே ஓடும் ஆறு, வெயில் ஏறிப் பனி உருகிய மாலையில் இடுப்பைப் பிடித்து இழுக்கும். முதல் பயணத்தில், தனியாக, அது வேண்டாம். கியோலுரில் பெரிய ஆறுகளுக்கெல்லாம் பாலம் இருக்கிறது. லாங்யோகுல், ஹோவ்ஸ்யோகுல் என்ற இரண்டு பெரும் பனிப்பாறைகளுக்கு நடுவே, 170 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவான சரளைப் பாதை. உங்கள் கேள்விக்குப் பதில் இவ்வளவுதான்.

டயர் 40 போதாது, 50க்குக் குறையாமல் போடுங்கள். அடுப்புக்கான வாயுக் குப்பியை விமானத்தில் ஏற்ற விடமாட்டார்கள், அங்கே வாங்கிக்கொள்ளலாம். பாதை எப்போது திறக்கும் என்பதைப் பனி முடிவு செய்கிறது. பெரும்பாலும் ஜூனில் திறப்பார்கள், தாமதமும் ஆகலாம். திறக்காத பாதையில் சைக்கிள்தானே என்று நுழையாதீர்கள். பாதையை விட்டும் சைக்கிளை இறக்காதீர்கள். அந்தப் பாசியில் விழுந்த டயர் தடம் மறையப் பல பத்தாண்டுகள் ஆகும். உங்கள் எடைப் பட்டியலைப் பார்த்தேன். பல் துலக்கும் பிரஷ்ஷின் கைப்பிடியை அறுத்துக் கிராம் மிச்சம் பிடித்திருக்கிறீர்கள். அதைப் பற்றி எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை.

நாளுக்கு 100 கிலோமீட்டர் என்பதை அடித்துவிட்டு 50 என்று எழுதுங்கள். காற்று இருக்கிறது. அந்த நாட்டு வானிலை அறிக்கையில் காற்றின் வேகத்தை நொடிக்கு இத்தனை மீட்டர் என்று சொல்வார்கள். 15 என்று பார்த்துவிட்டு, பரவாயில்லை என்று நினைத்துவிடாதீர்கள். 3.6ஆல் பெருக்குங்கள்: மணிக்கு 54 கிலோமீட்டர். எதிர்க்காற்றாக வந்தால் இறங்கித் தள்ள வேண்டும், பக்கக் காற்றாக வந்தால் தள்ளக்கூட முடியாது. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பது பாலக்காட்டுக் கணவாய்க்கு எதிரே வாழும் உங்களுக்குத் தெரியாததல்ல. மூட்டை முடிச்சுகளைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு உடுமலைப்பேட்டைப் பக்கம் காற்றாலைகளுக்கு நடுவே மேற்குப் பார்த்து ஒரு பகல் முழுக்க மிதித்துப் பாருங்கள். மிதித்துவிட்டு வந்த அன்று இரவே அட்டவணையைத் திருத்துங்கள். மறுநாளுக்குத் தள்ளினால் மனம் மாறிவிடும்.

உங்கள் கடிதம் வந்தபோது நான் அதே கியோலுரில் 1780ஆம் ஆண்டு நடந்த ஒரு சாவை நினைத்துக்கொண்டிருந்தேன். அதனால்தான் உடனே எழுதுகிறேன். இல்லாவிட்டால் டயர் அளவு கேட்டு வரும் கடிதங்களுக்கு நான் பதில் போடுவதில்லை.

ஐஸ்லாந்தின் வடக்கே ரேய்னிஸ்தாதுர் என்ற பண்ணை. ஆடுகளை நோய் கொண்டுபோயிருந்தது. புதிதாக ஆடு வாங்கி வரும்படி அந்த வீட்டு மகன்கள் பியார்னி, எய்னார் இருவரும் தெற்கே அனுப்பப்பட்டார்கள். வாங்கிக்கொண்டு கியோலுர் வழியாகத் திரும்பும்போது அக்டோபர் கடைசி ஆகிவிட்டது. ஐந்து பேர், சுமார் 180 ஆடுகள், 16 குதிரைகள். பனிப்புயலில் அத்தனை உயிரும் போயின. அடுத்த வசந்தத்தில்தான் கூடாரத்தைக் கண்டார்கள். அந்த இடத்தின் பெயரே எலும்புக் குன்று. பாதையிலிருந்து கொஞ்சம் விலகிப் போனால், இன்றும் எரிமலைப் பாறைகளுக்கு நடுவே ஆட்டெலும்பும் குதிரையெலும்பும் வெளுத்துக் கிடப்பதைப் பார்க்கலாம். அதற்குப் பின் நெடுங்காலம் அந்த வழியில் போக மக்கள் அஞ்சினார்கள்.

அவர்கள் ஒன்றும் தெரியாதவர்கள் இல்லை. அந்த மண்ணில் பிறந்தவர்கள். குதிரை இருந்தது, கூடாரம் இருந்தது, தின்ன 180 ஆடுகள் இருந்தன. நீங்கள் சொல்கிறீர்களே சொந்தக் கால் என்று, அது அவர்களிடம் உங்களைவிட நூறு மடங்கு இருந்தது. அவர்களிடம் இல்லாதது ஒன்றே ஒன்று. அவர்கள் எந்த நாளில் வந்து சேர வேண்டும் என்பது யாருக்கும் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. குளிர்காலத்தில் அந்த மேட்டுநிலத்தைக் கடந்து செய்தி வர வழியில்லை. போய்ச் சேர்ந்திருப்பார்கள் என்று தெற்கே இருப்பவர்கள் நினைத்திருக்கலாம். குளிருக்குப் பயந்து அங்கேயே தங்கியிருப்பார்கள் என்று வடக்கே இருப்பவர்கள் நினைத்திருக்கலாம். இந்த இரண்டு நிம்மதிகளுக்கு நடுவில் ஐந்து பேர் செத்துக் கிடந்தார்கள்.

இப்போது உங்கள் அம்மாவை நினைத்துப் பாருங்கள். மகன் குழுவோடு இருக்கிறான், சிக்னல் கிடைக்கவில்லை போலிருக்கிறது என்று நிம்மதியாக இருப்பார். ஐந்து நாட்கள் பேச்சில்லை என்றாலும் இருப்பார். 'அந்தத் தொல்லை முடிந்தது' என்று ஒரு வரியில் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கடிதத்தில் எனக்குக் கோபம் வந்த இடம் அதுதான். பிரஷ் கைப்பிடி வரைக்கும் யோசித்தவர், தான் காணாமல் போனால் அதை முதலில் உணரப்போகிற ஒரே ஆளின் கண்ணைக் கட்டி உட்கார வைத்திருக்கிறீர்கள்.

யாரிடமும் எதையும் கேட்காமல் என்கிறீர்கள். ஐஸ்லாந்துக்கு ராணுவம் கிடையாது. நான்கு லட்சத்துக்கும் குறைவான மக்கள். மேட்டுநிலத்தில் ஒருவர் காணாமல் போனால் தேடிப் போகிறவர்கள் லாண்ட்ஸ்பியோர்க் என்ற அமைப்பின் கீழுள்ள மீட்புக் குழுக்கள். தொண்ணூறுக்கும் மேற்பட்ட குழுக்கள், ஊருக்கு ஊர். அத்தனை பேரும் தன்னார்வலர்கள். தச்சர், ஆசிரியை, மீன் பதப்படுத்தும் ஆலையில் வேலை செய்பவர். அழைப்பு வந்தால் கையிலிருக்கும் வேலையைப் போட்டுவிட்டுக் கிளம்புவார்கள். தேடிக் கண்டுபிடித்ததற்குக் கட்டணம் கேட்பதில்லை. புத்தாண்டுக்கு முந்தைய நாட்களில் பட்டாசு விற்று அதில் பெரும்பகுதிச் செலவைத் திரட்டுகிறார்கள். நவம்பரில் மீட்புப் பணியாளர் உருவத்தில் ஒரு சாவிக்கொத்துப் பொம்மை விற்பார்கள். நீங்கள் தனியாகத்தான் மிதிக்கிறீர்கள், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்தத் துணிச்சலுக்குப் பின்னால், எங்கோ ஒரு சிற்றூரில் டிசம்பர் குளிரில் நின்று மத்தாப்பு விற்றவர்கள் இருக்கிறார்கள்.

அப்படி ஒருவரை நான் ஹ்வெராவெல்லிரில் பார்த்தேன். கியோலுர் பாதையின் நடுவே வெந்நீர் ஊற்றுகள் உள்ள இடம் அது. தங்கும் குடிலுக்குப் பக்கத்தில் ஊற்று நீரைத் தேக்கிய ஒரு சிறு குளம் உண்டு. அந்த ஊரில் மனிதர்கள் மனம் விட்டுப் பேசுவது கழுத்தளவு வெந்நீரில் உட்கார்ந்திருக்கும்போதுதான். நம்மூர் டீக்கடை பெஞ்சுக்கு அங்கே அதுதான் ஈடு. மின்பணி செய்பவர், ஐம்பதைத் தாண்டியவர். மீட்புக் குழுவில் இருப்பதாக அவராகச் சொல்லவில்லை. மேட்டில் நிறுத்தியிருந்த வண்டியைப் பற்றி நான் துருவிக் கேட்டபோதுதான் சொன்னார்.

ஓர் இளைஞன், தனியாள், சைக்கிள்காரன். இன்ன தேதி மாலைக்குள் மறுமுனையை அடைவேன் என்று வெளிநாட்டிலிருக்கும் தன் அக்காவிடம் சொல்லிவிட்டுப் புறப்பட்டிருக்கிறான். நல்ல காரியம். முந்தின நாளே போய்ச் சேர்ந்துவிட்டான். வழியில் ஒரு வண்டி கிடைத்திருக்கிறது, ஏறி ரேக்யவிக் வந்துவிட்டான். செல்பேசியில் மின்சாரம் தீர்ந்துவிட்டது. களைப்பு. ஒரு விடுதியில் படுக்கையைப் பிடித்துத் தூங்கிவிட்டான். அக்கா குறித்த மாலை வரை பொறுத்தாள். பிறகு அழைத்துவிட்டாள். குழுக்கள் கிளம்பின. மூடுபனி. இரவு முழுக்கத் தேடியிருக்கிறார்கள். நம் மின்பணியாளரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே நடந்திருக்கிறார். காலையில் விடுதியிலிருந்து தகவல் வந்தது.

"கோபம் வரவில்லையா?" என்று கேட்டேன்.

"அவன் படுக்கையில் இருந்தான். அதைவிட நல்ல இடம் எது?" என்றார்.

எனக்குத்தான் கோபம் வந்தது, இன்னும் இருக்கிறது. பட்டாசு விற்ற காசில் டீசல் ஊற்றி, தூக்கத்தைத் தொலைத்து, ஒரு படுசோம்பேறி அனுப்ப மறந்த ஒரு வரிச் செய்திக்காக. சொன்னதில் அவன் பாதி செய்தான், அக்கா முழுதாகச் செய்தாள். நீங்கள் அந்தப் பாதியைக்கூடச் செய்யாமல் போகப் பார்க்கிறீர்கள்.

செயற்கைக்கோள் கருவியை எடுத்துப் போங்கள், வாடகைக்கும் கிடைக்கும். 112 அவசர அழைப்புச் செயலியைச் செல்பேசியில் போட்டுக்கொள்ளுங்கள், ஆனால் மேட்டுநிலத்தில் பல இடங்களில் சிக்னல் இருக்காது. கருவியில் ஒரு பொத்தான் இருக்கிறது, அதை அழுத்த ஒரு விரல் வேண்டும். விழுந்து மயங்கிக் கிடப்பவனுக்கும், ஈரத்தில் நனைந்து குளிரேறி, என்ன செய்கிறோம் என்றே தெரியாமல் கூடாரத்துக்குள் சுருண்டிருப்பவனுக்கும் அந்த விரல் வேலை செய்யாது. அப்போது உங்களுக்காக அசையப்போவது, எங்கோ உட்கார்ந்து நாட்காட்டியைப் பார்க்கிற ஒருவர்தான். அந்த மீட்பு அமைப்பின் இணையதளத்தில் பயணத் திட்டத்தைப் பதிந்துவைக்கவும் முடியும். பதியுங்கள். முடித்ததும் முடித்தேன் என்று சொல்லுங்கள். தூங்குவதற்கு முன் சொல்லுங்கள்.

ஆகவே, எஸ்., எடைப் பட்டியலை மூடிவைத்துவிட்டு ஒரு தாள் எடுங்கள். தமிழில், உங்கள் அம்மா கண்ணாடி போட்டுப் படிக்கிற அளவு எழுத்தில் எழுதுங்கள். எந்தத் தேதி குல்ஃபாஸ் அருவியைத் தாண்டுகிறேன், எங்கெங்கே படுக்கிறேன், எந்த நாள் வடக்கே தார்ச்சாலையை அடைவேன். காற்றுக்காக ஒரு நாள் கூட்டிக்கொள்ளுங்கள், இரண்டாகவும் கூட்டலாம், தேடுகிறவர்களுக்கு அது நல்லது. எந்த மாலை வரை பொறுக்க வேண்டும், அதற்குப் பிறகு யாரைக் கூப்பிட வேண்டும். ஆங்கிலத்தில் பேசத் தெரிந்த ஒரு நண்பரையோ தங்கையையோ அவருக்குத் துணையாக வைத்து, அவர்களிடமும் ஒரு பிரதி கொடுங்கள். கூடாரத்தின் நிறம், ஜாக்கெட்டின் நிறம், சைக்கிளின் நிறம் மூன்றையும் எழுதுங்கள். கறுப்பு மணலில் கறுப்புக் கூடாரம் வைத்திருக்கிறீர்கள் என்று பட்டியலில் பார்த்தேன். அதை மாற்றுங்கள், எடை கூடினாலும் சரி.

தனியாகப் போகிறேன் என்ற உண்மையை அந்தத் தாளின் முதல் வரியாக எழுதுங்கள். அம்மா அழுவார், இரண்டு நாள் பேசமாட்டார். அதற்கு மேலும் நடக்கலாம். போகக் கூடாது என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது என்று எனக்கு இன்னொரு கடிதம் போடாதீர்கள். நீங்களும் அவரும் உட்கார்ந்து பேசித் தீர்க்க வேண்டிய விஷயம் அது. ஜூலைக்கு நாள் இருக்கிறது.