கணினி எந்த இடத்தில் நிற்கிறது?

வாசகர் கேள்வி: மதிப்பிற்குரிய ஐயா, நிகழ்ச்சிகளைப் படம்பிடித்து நானே தொகுத்துக் கொடுக்கிறேன். 16 ஜிபி நினைவகம் கொண்ட விண்டோஸ் லேப்டாப் வைத்திருக்கிறேன். கேமராவில் எச்.265, 10-பிட் 4:2:2 முறையில் பதிவு செய்கிறேன். டைம்லைனில் (காட்சிகளை வரிசையாக அடுக்கித் தொகுக்கும் இடம்) இரண்டு மூன்று அடுக்கு சேர்ந்தாலே படம் திக்கித் திக்கி ஓடுகிறது. முடித்த வேலையை ஒரே கோப்பாக வெளியே எடுக்கும் எக்ஸ்போர்ட் பாதியில் நின்றுவிடுகிறது. மேக் வாங்கச் சொல்கிறார் நண்பர். லினக்ஸுக்கு மாறச் சொல்கிறான் தம்பி மகன். எது நின்று உழைக்கும்?

பதில்: எதையும் வாங்குவதற்கு முன் எனக்காக ஒன்று செய்யுங்கள். அதே எக்ஸ்போர்ட்டை மூன்று முறை ஓடவிட்டு, ஒவ்வொரு முறையும் எந்த நிமிடத்தில், எந்த நொடியில் நின்றது என்று ஒரு தாளில் எழுதுங்கள். மூன்றும் ஒரே இடம் என்றால் பெரும்பாலும் டைம்லைனில் அந்த இடத்தில் இருக்கும் ஏதோ ஒன்றுதான் காரணம். மூன்றும் வெவ்வேறு இடம் என்றால் நினைவகம், சூடு, மின்சாரம், டிரைவர் (வன்பொருளை இயக்கும் மென்பொருள்) என்று கணினியின் பக்கம் தேட வேண்டும்.

இது நான் பட்டுத் தெரிந்துகொண்டது. ஒரு மேடை நாடகத்தைத் தொகுத்து முடித்திருந்தேன். இரண்டு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலான பதிவு. மறுநாள் காலை கொடுத்தாக வேண்டும். 41ஆவது நிமிடத்தில் எக்ஸ்போர்ட் நின்றது. மறுபடி ஓடவிட்டேன், நின்றது. டிரைவரை மாற்றினேன். நள்ளிரவில் மென்பொருளையே அழித்துவிட்டுப் புதிதாக நிறுவினேன். விடியும் நேரத்தில்தான் அந்த 41ஆவது நிமிடத்தைத் திறந்து பார்க்க வேண்டும் என்று தோன்றியது. அங்கே, நாடக ஆசிரியரின் பழைய புகைப்படம் ஒன்றை ஸ்கேன் செய்து வைத்திருந்தேன். அகலம் 12,000 பிக்சல். அதை 4,000 பிக்சலாகக் குறைத்து வைத்ததும் எக்ஸ்போர்ட் கடைசி வரை ஓடியது. அந்த இரவு முழுவதும் நான் கணினியைத்தான் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

வேறொரு சமயம் நேர் மாறாக நடந்தது. ஒரு நாள் பத்தாவது நிமிடம், மறுநாள் ஐம்பதாவது நிமிடம், இன்னொரு நாள் சும்மா கிளிப்பை இழுக்கும்போதே எல்லாம் உறைந்துவிட்டது. மெம்டெஸ்ட்86 என்ற சோதனைக் கருவியை இரவு முழுக்க ஓடவிட்டதில் நினைவகத்தில் பிழை தெரிந்தது. இரண்டு நினைவகப் பட்டைகளில் ஒன்றைக் கழற்றியதும் தொல்லை தீர்ந்தது.

இனி படம் திக்குவதற்கு வருகிறேன். எச்.264, எச்.265 இரண்டும் படத்தைச் சுருக்கிப் பார்வையாளரிடம் கொண்டு சேர்ப்பதற்கென்று உருவானவை. இவற்றில் சில ஃபிரேம்கள் மட்டுமே முழுப் படமாக இருக்கும். மற்றவற்றில் பக்கத்து ஃபிரேமிலிருந்து எது மாறியது என்ற குறிப்புதான் இருக்கும். அந்தாதிப் பாடலைப்போல ஒன்றை ஒன்று பிடித்துக்கொண்டு வருபவை. நீங்கள் நடுவில் ஒரு ஃபிரேமில் போய் நின்றால், அதைக் காட்ட அதற்கு முன்பும் சில சமயம் பின்பும் உள்ள பலவற்றின் சுருக்கத்தைக் கணினி பிரித்தாக வேண்டும். அடுக்கு கூடக் கூட இந்த வேலையும் பெருகுகிறது.

நிற விவரத்தைக் கூடுதலாகச் சேமிக்கும் உங்கள் கேமராவின் எச்.265 4:2:2 இன்னும் ஒரு படி கடினம். அதைப் பிரிப்பதற்கென்றே தனி மின்சுற்று இருந்தால்தான் தடையின்றி ஓடும். இன்டெலின் 11ஆம் தலைமுறையிலிருந்து பெரும்பாலான செயலிகளின் உள்ளமை கிராஃபிக்ஸில் அது உண்டு. ஆப்பிளின் எம் வரிசைச் சில்லுகளில் உண்டு. என்விடியா கிராஃபிக்ஸ் கார்டுகளில் 2025இல் வந்த ஆர்டிஎக்ஸ் 50 வரிசையில்தான் சேர்ந்தது. அதற்கு முந்தைய வரிசையில் எவ்வளவு விலை உயர்ந்த கார்டு போட்டாலும் இந்த ஒரு வேலை செயலியின் தலையில்தான் விழும். பெயரின் கடைசியில் எஃப் என்ற எழுத்து உள்ள இன்டெல் செயலிகளில் உள்ளமை கிராஃபிக்ஸ் கிடையாது என்பதையும் வாங்கும்போது மறக்காதீர்கள். நண்பரின் மேக்கில் உங்கள் கோப்பு வழுக்கிக்கொண்டு ஓடியிருந்தால் பெரும்பாலும் இந்தச் சுற்றுதான் காரணம்.

ஆனால் புதுக் கணினி இல்லாமலே இதைச் சரிசெய்ய வழி இருக்கிறது. பிராக்ஸி, அதாவது தொகுப்பதற்கு மட்டுமான இலகுவான நகல், உருவாக்குங்கள். புரோரெஸ் பிராக்ஸி போன்ற வடிவத்தில் ஒவ்வொரு ஃபிரேமும் தனித்தனி முழுப் படம். தேடிப் பிரிக்க வேண்டியதில்லை. முழு எச்டியில், நொடிக்கு 30 ஃபிரேம் கணக்கில், ஒரு மணி நேரக் காட்சிக்கு ஏறக்குறைய 20 ஜிபி இடம் போதும். தொகுப்பது பிராக்ஸியில், எக்ஸ்போர்ட் செய்யும்போது பெரும்பாலான மென்பொருள்கள் தானாகவே மூலக் கோப்பை எடுத்துக்கொள்ளும். நல்ல கணினி கிடைத்த பிறகும் நான் பிராக்ஸியை விடவில்லை. என் தொகுப்பு மேசையில் உறைதல் குறைந்ததற்கு வேறு எதையும்விட இதுதான் காரணம் என்று உறுதியாகச் சொல்வேன்.

இவ்வளவும் செய்த பிறகும் மாறத்தான் வேண்டும் என்றால், முதலில் தொகுப்பு மென்பொருளை முடிவு செய்யுங்கள். ஃபைனல் கட் புரோவில் வேலை செய்யப் பிடித்திருந்தால் மேக் தவிர வேறு வழியில்லை. பிரீமியர் புரோ விண்டோஸிலும் மேக்கிலும் ஓடும். டாவின்சி ரிசால்வ் லினக்ஸையும் சேர்த்து மூன்றிலும் ஓடும். உங்களைப்போலத் தனியாளாக உழைப்பவருக்கு, ஒரே ஆளாக இயந்திரத்தையும் பராமரிக்க வேண்டியவருக்கு, என் தேர்வு மேக்தான். 2020 இறுதியில் எம்1 வந்தபிறகு சில்லும் இயங்குதளமும் ஒரே கையில் தயாராகின்றன. டிரைவர் தேடி அலையும் வேலை இல்லை. ஒரே எச்சரிக்கை: எம் வரிசை மேக்கில் நினைவகத்தைப் பிற்பாடு கூட்ட முடியாது. வாங்கும் அன்றே 32 ஜிபியாவது எடுங்கள், அதற்காகச் சில்லில் ஒரு படி இறங்க நேர்ந்தாலும் பரவாயில்லை.

விண்டோஸ் மேசைக்கணினியும் அதே அளவு உறுதியாக நிற்கும், நீங்கள் அதை நிற்கவிட்டால். செயலியின், நினைவகத்தின் வேகத்தை இயல்புக்கு மேல் கூட்டும் அமைப்புகளை அணைத்து வையுங்கள். என்விடியா கார்டு என்றால் விளையாட்டுக்கான டிரைவரை விட்டுவிட்டு ஸ்டூடியோ டிரைவரைப் போடுங்கள். பழைய கணினியாக வாங்கினால் இதையும் பாருங்கள்: இன்டெலின் 13, 14ஆம் தலைமுறை மேசைக்கணினிச் செயலிகள் சிலவற்றில் தேவைக்கு மேல் மின்னழுத்தம் போய் நிலைகுலைவு ஏற்பட்டதை அந்த நிறுவனமே 2024இல் ஒப்புக்கொண்டு, கணினியைத் தொடங்கிவைக்கும் பயாஸ் மென்பொருள் வழியாகத் திருத்தம் கொடுத்தது. அந்தத் திருத்தம் ஏறியிருக்கிறதா என்று விற்பவரைக் கேளுங்கள். ஏற்கெனவே கெட்டுப்போன செயலியைத் திருத்தம் மீட்டுத் தராது.

லினக்ஸ் உறுதியானதுதான். ஆனால் டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பு லினக்ஸில் எச்.264, எச்.265 கோப்புகளைத் திறக்காது. எல்லாவற்றையும் முன்கூட்டியே மாற்ற வேண்டியிருக்கும். கேடென்லைவ் என்ற இலவசத் தொகுப்பு மென்பொருள் திறக்கும். தம்பி மகன் பக்கத்திலேயே இருப்பான் என்றால் முயன்று பார்க்கலாம்.

எந்தக் கணினியானாலும் ஒரு வேலை கையில் இருக்கும்போது இயங்குதளம், மென்பொருள், டிரைவர் எதையும் புதுப்பிக்காதீர்கள். இதைக் கெஞ்சியே கேட்கிறேன். புதிய பதிப்பில் ஒருமுறை சேமித்த புராஜெக்டைப் பழைய பதிப்பு பெரும்பாலும் திறக்காது. வேலை முடித்துக் கொடுத்துவிட்டு, நகல் எடுத்து வைத்துவிட்டு, பிறகு புதுப்பியுங்கள்.

வாசகி கேள்வி: கைபேசியில் எடுத்த நேர்காணலைத் தொகுக்கும்போது தொடக்கத்தில் உதடும் குரலும் பொருந்துகின்றன. இருபது நிமிடம் தாண்டினால் குரல் பின்தங்குகிறது. கணினி போதவில்லையா?

பதில்: கணினி மேல் தவறில்லை, அம்மா. பெரும்பாலான கைபேசிகள் வெளிச்சத்துக்கும் சூட்டுக்கும் தகுந்தபடி ஃபிரேம் வேகத்தைச் சற்றே ஏற்றி இறக்கிப் பதிவு செய்கின்றன. ஒலியோ ஒரே சீராக ஓடுகிறது. தொகுப்பு மென்பொருள் நிலையான வேகத்தை எதிர்பார்ப்பதால் விலகல் சிறுகச் சிறுகச் சேர்ந்து, இருபதாவது நிமிடத்தில் கண்ணுக்குத் தெரிகிறது. ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில், நிலையான ஃபிரேம் வேகம் என்பதைத் தேர்ந்தெடுத்து மாற்றிவிட்டு, அந்தப் புதிய கோப்பை டைம்லைனில் வையுங்கள். மூலக் கோப்பை அழிக்க வேண்டாம்.

வாசகர் கேள்வி: கேமராவின் மெமரி கார்டிலிருந்தே நேரடியாகத் தொகுக்கலாமா?

பதில்: வேண்டாம். கார்டு ஒரு கணம் அசைந்து இணைப்பு விட்டாலே மென்பொருள் உறைந்துவிடும், ஒரே பிரதியும் ஆபத்தில் சிக்கும். முதலில் இரண்டு இடங்களில் நகல் எடுங்கள். தொகுப்பதற்கு எஸ்எஸ்டி, பாதுகாப்புக்குச் சாதாரண ஹார்டு டிஸ்க். இரண்டாவது நகலைத் திறந்து ஓட்டிப் பார்த்த பிறகே கார்டைத் துடையுங்கள்.