‘மாசம் தொண்ணூறாயிரம்’ என்று சொல்லலாமா?

கேள்வி: கோவையில் வீட்டிலிருந்தபடி ஃப்ரீலான்ஸ் வெப் டெவலப்பராக இருக்கிறேன். போன நிதியாண்டில் மொத்தம் 10,80,000 ரூபாய் வந்தது. செலவுக் கணக்கை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். பழைய ஆபீஸில் என்னோடு வேலை பார்த்த தம்பி ஒருவர் கைக்கு 45,000 வாங்குகிறார். வேலையை விட்டுவிட்டு இதில் இறங்க நினைக்கிறார். “அக்கா, உண்மையில் எவ்வளவு வருது?” என்று கேட்கிறார். வருமானத்தை வெளியில் சொல்லக் கூடாது என்கிறார் என் கணவர். என்ன செய்வது?

பதில்: சொல்லுங்கள் அம்மா. ஆனால், ‘மாசம் 90,000’ என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அதை நம்பி அவர் ராஜினாமா கடிதம் கொடுத்துவிடுவார்.

உங்கள் கணக்கையே எடுத்துக்கொள்வோம். வேலை பிடித்துத் தரும் தளத்துக்குக் கமிஷன் 48,000. மென்பொருள் சந்தா, ஹோஸ்டிங் 54,000. 90,000 ரூபாய் லேப்டாப் மூன்று வருடம் உழைக்கும் என்றால் வருடத்துக்கு 30,000. இன்டர்நெட், இன்வெர்ட்டர் 24,000. ஆடிட்டருக்கு 9,000. ஆக 1,65,000 போக நிற்பது 9,15,000. ஆபீஸில் இருந்தவரை மருத்துவக் காப்பீடு கம்பெனி பொறுப்பு. இப்போது நீங்களே 27,000 கட்டுகிறீர்கள். அங்கே பி.எஃப்-இல் கம்பெனியும் தன் பங்கைப் போட்டது, கிராஜுவிட்டியும் சேர்ந்தது. அதற்கு ஈடாக நீங்கள் ஒதுக்கும் 1,08,000-ஐயும் கழித்தால் 7,80,000. மாதம் 65,000.

அடுத்து நேரம். மணிக்கு 800 ரூபாய் வாங்குவதாக எழுதியிருக்கிறீர்கள். பில் போட்ட மணிகள் 1,350. ஆனால் வருடம் முழுக்க உழைத்தது சுமார் 2,400 மணி என்றும் நீங்களேதான் எழுதியிருக்கிறீர்கள். மிச்ச நேரமெல்லாம் கொட்டேஷன் அனுப்புவதிலும், காசில்லாத திருத்தங்களிலும், “பேமென்ட் எப்போ சார்?” என்று போன் போடுவதிலும் போயிருக்கிறது. 7,80,000-ஐ 2,400-ஆல் வகுத்துப் பாருங்கள், மணிக்கு 325 ரூபாய். தம்பிக்குச் சொல்ல வேண்டிய எண் இதுதான். ஜூன், ஜூலையில் மாதத்துக்கு 22,000-தான் வந்தது என்பதையும் மறைக்காதீர்கள். வீட்டு வாடகை அந்த இரண்டு மாதமும் குறையவில்லையே.

உங்கள் கணவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. கல்யாண வீட்டில் விசாரிக்கும் சொந்தக்காரருக்குக் கணக்குக் காட்ட வேண்டியதில்லை. ஆனால் ஒரே தொழில் செய்பவர்கள் தங்களுக்குள் மறைப்பதால் லாபம் வேலை கொடுப்பவருக்குத்தான். நான் தனியாகத் தொழில் தொடங்கிய புதிதில், ஒரு நிறுவனத்தில் நிதி வகுப்பு எடுக்க 4,000 ரூபாய் கேட்டேன். உடனே சம்மதித்தார்கள். ஒரு வருடம் கழித்துத்தான் தெரிந்தது, எனக்கு முன்னால் அதே வகுப்பை எடுத்தவர் வாங்கியது 10,000. அவர் கெட்டவர் இல்லை. நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. அந்த வருத்தம் இன்றும் எனக்குள் இருக்கிறது. அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

சக தொழில்காரர்களிடம் பேசும்போது மாத வருமானத்தைவிட வேலைக் கணக்கைச் சொல்வது பயன்படும். ஐந்து பக்க இணையதளத்துக்கு எவ்வளவு வாங்கினீர்கள், எத்தனை முறை திருத்தம் கேட்டார்கள், பில் கொடுத்து எத்தனை நாளில் பணம் வந்தது என்று சொல்லுங்கள். விலையை வெளியிடக் கூடாது என்று ஒப்பந்தத்தில் இருந்தால் அந்த வேலையை மட்டும் விட்டுவிடுங்கள். அப்புறம், குறு, சிறு, நடுத்தரத் தொழில்களுக்கான அரசுப் பதிவான ‘உதயம்’ பதிவு இலவசம். இன்னும் செய்யவில்லை என்றால் செய்துவிடுங்கள். 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டப்படி, பதிவு செய்த குறு, சிறு தொழில்களுக்கு வாங்குபவர் அதிகபட்சம் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். வருமான வரிக் கணக்கிலும் இதே வெளிப்படை வேண்டும். உத்தேச வரி முறையில், தகவல் தொழில்நுட்பம் போன்ற குறிப்பிட்ட தொழில்களில் இருப்பவர்கள் வரவில் பாதியை லாபமாகக் காட்டினால் போதும். அப்படிப் பார்த்தால் உங்களுக்கு 5,40,000. பலர் அதோடு நிறுத்திவிடுகிறார்கள். உங்கள் உண்மையான லாபம் 9,15,000, அதையே காட்டுங்கள். 2025-26 நிதியாண்டு முதல் புதிய வரி முறையில் 12 லட்சம் வரை தொழில் வருமானத்துக்கு வரி இல்லை, ஆகவே உங்களுக்குக் கூடுதலாக ஒரு ரூபாய்கூட வரி வராது. நாளைக்கு வீட்டுக் கடன் கேட்டுப் போனால், வங்கி பார்ப்பது கடந்த இரண்டு மூன்று வருட ரிட்டர்னைத்தான்.

சரி, தம்பி விஷயத்துக்கு வருவோம். இந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதியே அவரிடம் கொடுங்கள். ஆறு மாத வீட்டுச் செலவு அவர் கையில் தனியாக இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால், வேலையில் இருந்துகொண்டே அதைச் சேர்க்கச் சொல்லுங்கள்.