ஆட்டத்தை நடத்தும் ஜி.எம். வாய் திறக்காமல் ஆட்டம் நடக்குமா?

கேள்வி: பி.காம். இறுதியாண்டு. நான்கு வருடமாக நண்பர்களுக்கு டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (மேசையைச் சுற்றி உட்கார்ந்து, பகடை உருட்டி ஆடும் கதை ஆட்டம்) நடத்துகிறேன். கோடிங் தெரியாது. ஆர்.பி.ஜி. (பாத்திரமேற்று ஆடும் ஆட்டம்) வடிவமைப்பாளர் ஆக என்ன செய்ய வேண்டும்?

பதில்: மேசையிலிருந்து கணினிக்குப் போனவர்கள் உண்டு. 1981-இல் ‘கால் ஆஃப் கதுல்ஹு’ மேசை ஆட்டத்தை உருவாக்கிய சாண்டி பீட்டர்சன், பிறகு ‘டூம்’ கணினி ஆட்டத்தின் பல லெவல்களை அமைத்தார். மைக் பாண்ட்ஸ்மித்தின் 1988 மேசை ஆட்டத்திலிருந்து பிறந்ததுதான் ‘சைபர்பங்க் 2077’ கணினி ஆட்டம். ஆனால் ஆட்டம் நடத்துவது வேறு, எழுதி முடிப்பது வேறு. ஸ்டூடியோக்கள் கேட்பது இரண்டாவதை.

நீங்கள் மேசையில் இருக்கும்வரை விதியில் உள்ள ஓட்டைகளைப் பேசியே அடைத்துவிடுவீர்கள்; அடைத்தது உங்களுக்கே தெரியாது. கணினியில் அதற்கு ஆள் இல்லை. எனவே மூன்று மணி நேரத்தில் முடியும் ஒரு சாகசத்தைப் பத்துப் பக்கத்தில் எழுதுங்கள். உங்களோடு விளையாடியே இராத ஒருவரை நடத்தச் சொல்லிவிட்டு, நோட்டுடன் ஓரமாக உட்காருங்கள். வாய் திறக்கக் கூடாது (இதுதான் கஷ்டம்). அவர் எங்கே பக்கத்தைத் திருப்பித் தேடுகிறார், எங்கே தானாக விதி செய்கிறார் என்று குறியுங்கள். இரண்டு குழு ஒரே இடத்தில் தடுக்கினால் தப்பு உங்கள் எழுத்தில்.

சண்டைக் கணக்கை எக்செல்லில் போடுங்கள், பி.காம். இங்கே கைகொடுக்கும். தாக்குதல் படும் வாய்ப்பு 65%, சேதம் டி8+3 (எட்டு முகப் பகடையில் விழும் எண்ணோடு 3), அதாவது சராசரி 7.5. ஒரு அடிக்கு 4.9, நால்வருக்குச் சுற்றுக்கு 19.5. அறுபது உயிர்ப்புள்ளி அரக்கன் சுமார் மூன்று சுற்றில் விழுவான். அரக்கனின் கவச எண்ணை 5 கூட்டினால் வாய்ப்பு 40% ஆகி, அதே சண்டை ஐந்து சுற்று இழுக்கும். புதியவர்கள் கவசத்தையும் உயிர்ப்புள்ளியையும் சேர்த்தே ஏற்றிவிட்டு, ஆட்டக்காரர்கள் ஏன் போனை எடுக்கிறார்கள் என்று யோசிப்பார்கள்.

பிறகு அதே சாகசத்தை ட்வைனில் (கிளை பிரியும் கதைகளை அமைக்கும் இலவச மென்பொருள்) ஏற்றுங்கள். அடிப்படைக்குக் கோடிங் வேண்டாம். மூன்று தேர்வு, நான்கு கட்டம் என்றாலே 81 பாதை. கிளைகளை மீண்டும் ஒன்றுசேர்த்து, தேர்வை மட்டும் மாறியில் (மதிப்பைச் சேமிக்கும் பெயரில்) நினைவு வைக்கக் கற்பீர்கள். அடுத்து இங்க் என்ற கதை எழுதும் மொழி, அது ஆட்டம் உருவாக்கும் மென்பொருளான யூனிட்டியோடு இணையும்.

வெளியிடும்போது உரிமத்தைப் பாருங்கள். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் அடிப்படை விதித் தொகுப்பான எஸ்.ஆர்.டி. 5.1, 2023 முதல் கிரியேட்டிவ் காமன்ஸ் என்ற பொது உரிமத்தில் உள்ளது. மூலத்தைக் குறிப்பிட்டால் விற்கவும் செய்யலாம். அதில் இல்லாத உலகங்களையும் பாத்திரங்களையும் தொடாதீர்கள்.

மேசை ஆட்ட ஃப்ரீலான்ஸ் எழுத்துக்குப் பெரும்பாலும் சொல் கணக்கில்தான் கூலி. பணம் எழுதிக் கொடுத்ததும் வருமா, புத்தகம் வெளியான பிறகா என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள்.