யாருக்கும் கேட்காத உறுமல்: கேள்வி பதில்

(தேயிலைத் தொழிற்சாலைகளில் மோட்டார் பராமரிப்பு பார்த்து ஓய்வு பெற்ற குன்னூர்க்காரர் பதில் சொல்கிறார்.)

கோத்தகிரி வாசகி: ராத்திரியானால் தூரத்தில் லாரியை நிறுத்தி எஞ்சினை ஓடவிட்ட மாதிரி ஓர் உறுமல், வந்து வந்து போகிறது. வீட்டுக்காரருக்குக் கேட்கவில்லையாம். எனக்குத்தான் கோளாறா?

இல்லைம்மா. "வந்து வந்து போகிறது" என்றீர்களே, அதுதான் துப்பு. தேயிலை ஃபேக்டரியில் இலை வாட்டும் விசிறிகள் இரவிலும் ஓடும். ஒரு மோட்டார் நிமிடத்துக்கு 1440 சுற்று, பக்கத்து மோட்டார் 1450 என்று வையுங்கள். இரண்டின் உறுமலும் சேர்ந்து ஆறு வினாடிக்கு ஒருமுறை ஏறி இறங்கும். பனிக்கால ராத்திரியில் பள்ளத்தில் குளிர்காற்று தேங்கி, மேலே வெதுவெதுப்பான காற்று நிற்கும். மேலே போகிற சத்தம் அதில் வளைந்து திரும்பக் கீழே இறங்கும். பகலில் கேட்காதது அப்போது கேட்கும்.

அவருக்கு ஏன் கேட்கவில்லை? தாழ்ந்த ஒலியைக் கேட்கும் திறன் ஆளுக்கு ஆள் மாறும். அதோடு 50 ஹெர்ட்ஸ், அதாவது வினாடிக்கு 50 தடவை அதிரும் ஒலி அலையின் நீளம் ஏறக்குறைய 7 மீட்டர். சின்ன அறையில் அது சுவரோரம் பலமாகவும் நடுவில் மங்கலாகவும் இருக்கும். சுவரோரம் படுப்பது நீங்கள்தானே? ஒருநாள் இடம் மாறிப் படுத்துப் பாருங்கள்.

வெலிங்டன் வாசகர்: போனில் ஆப் வைத்து அளந்தேன். ஒன்றும் காட்டவில்லை.

போன் மைக் பேச்சுக்காகச் செய்தது. இவ்வளவு தாழ்ந்த ஒலியை அது சரியாகப் பிடிக்காது. ஆப்பை நம்பாதீர்கள்.

ஊட்டி வாசகர்: 5ஜி டவரா சார்?

டவர் அனுப்புவது ரேடியோ அலை, சத்தம் இல்லை. டவருக்கு அடியில் ஜெனரேட்டர் ஓடினால் அது வேறு.

கூடலூர் வாசகர்: எதற்கெடுத்தாலும் ஃபேக்டரி மேல் பழி போடுகிறீர்கள். மின்வாரியம் பராமரிப்புக்கு கரன்ட் நிறுத்திய நாளிலும் எனக்குக் கேட்டதே!

ஃபேக்டரியில் ஜெனரேட்டர் இருக்குமே அண்ணே.

அவரே: அன்று ஃபேக்டரியே லீவு. வெளிநாட்டிலும் இந்த மாதிரி உறுமலுக்குக் காரணம் தெரியாமல்தானே விட்டுவிட்டார்கள்?

அங்கேயும் ஒரே கதை இல்லை. அமெரிக்காவின் தாவோஸ் ஊரில் 1993-இல் கருவிகளோடு தேடினார்கள், காரணம் அகப்படவில்லை. கேட்டதாகச் சொன்னவர்கள் நூற்றுக்கு இரண்டு பேர்தான். கோகோமோ ஊரில் 2003-இல் அகப்பட்டது: ஓர் ஆலையின் குளிர்விப்பு விசிறி 36 ஹெர்ட்ஸில், இன்னோர் ஆலையின் கம்ப்ரஸர் 10 ஹெர்ட்ஸில். இரண்டையும் சரிசெய்த பிறகும் சிலருக்குக் கேட்டுக்கொண்டே இருந்தது. கனடாவின் வின்ட்சரில் 2020-இல் ஆற்றுக்கு எதிர்க்கரை உருக்காலையின் உலைகளை நிறுத்தியதும் சத்தம் அடங்கிவிட்டது.

உங்களுக்கு ஃபேக்டரி லீவிலும் கேட்கிறது என்றால் முதலில் வீட்டு மெயின் சுவிட்சை அணைத்துப் பாருங்கள், இன்வெர்ட்டரையும் சேர்த்து. அப்புறம் இரண்டு காதையும் விரலால் இறுக்கி அடையுங்கள். சத்தம் முன்னைவிடத் தெளிவாகக் கேட்டால் அது காதுக்குள்ளிருந்து வருவதாக இருக்கலாம். நாடித்துடிப்போடு சேர்ந்து அடித்தால் காது மூக்கு தொண்டை டாக்டரை உடனே பாருங்கள். அதில் விளையாட வேண்டாம்.

அவரே: அப்போதும் ஃபேக்டரி இல்லை என்கிறீர்களா?

அண்ணே, சுவிட்சை அணைத்துவிட்டு வாருங்கள், பேசுவோம்.

கொடைக்கானல் வாசகி: காது அடைப்பான் வாங்கலாமா?

உயர்ந்த சத்தத்தை அது நன்றாகத் தடுக்கும், இதைத் தடுப்பது குறைவு. உறுமல் இன்னும் தனியாகத் தெரியும். மேசை விசிறியைச் சுவர்ப்பக்கம் திருப்பி ஓடவிட்டுத் தூங்குங்கள்.

அரவங்காடு வாசகர்: வேறு நல்ல ஆப் ஏதாவது?

இல்லை.