பேக்கேஜை வேறு டிரைவில் இன்ஸ்டால் செய்வது: கேள்வி பதில்

கே: விண்டோஸில் டி டிரைவைக் காட்டுவதுபோல, உபுண்டு லினக்ஸில் பேக்கேஜ்களை இன்ஸ்டால் செய்யும் ஏபிடியிடம் ஃபோல்டரைச் சொல்ல முடியுமா சார்?

ப: முடியாது. எந்த ஃபைல் எங்கே போகவேண்டும் என்பது பேக்கேஜ் வரும் டெப் ஃபைலுக்குள்ளேயே முழுப் பாதையாக இருக்கிறது. புரோகிராமும் பெரும்பாலும் அதே பாதையை நம்பித்தான் கம்பைல் ஆகியிருக்கும். ஏபிடி உள்ளே பயன்படுத்தும் டிபிகேஜியின் --ரூட் ஆப்ஷன் தனியாக ஒரு சிஸ்டத்தையே கட்டுவதற்கு. ஒரு புரோகிராமை இடம் மாற்ற உதவாது.

கே: ரூட் பார்ட்டிஷன் 20 ஜிபிதான், நிரம்பிவிட்டது. /டேட்டாவில் நிறைய இடம் இருக்கிறது.

ப: முதலில் 'ஏபிடி கிளீன்' கொடுங்கள், இறக்கிய டெப்கள் போகும். போதவில்லையென்றால் /ஓபிடியை பைண்ட் மவுண்ட் (ஓரிடத்து ஃபோல்டரை இன்னொரு பாதையில் தெரியவைப்பது) செய்யுங்கள். குரோம் போன்றவை அங்கேதான் உட்காரும். அவற்றை மூடிவிட்டு, 'சிபி -ஏ' கொடுத்து /டேட்டா/ஓபிடிக்கு நகலெடுங்கள். நகல் சரியா என்று பார்த்த பிறகு பழையதைக் காலி செய்யுங்கள். காலி செய்யாமல் மவுண்ட் செய்தால் பழைய ஃபைல்கள் அடியில் மறைந்துகிடக்கும், ஒரு எம்பிகூட மிச்சமாகாது. பிறகு பூட்டின்போது எதை எங்கே மவுண்ட் செய்வது என்று சொல்லும் எஃப்எஸ்டேபில், /டேட்டா வரிக்குக் கீழே:

/டேட்டா/ஓபிடி /ஓபிடி நன் பைண்ட் 0 0

/டேட்டா லினக்ஸின் எக்ஸ்ட்4 ஃபைல் சிஸ்டமாக இருக்கட்டும். விண்டோஸின் என்டிஎஃப்எஸ் என்றால் பர்மிஷன் பாழாகும். அந்த மவுண்டில் நோஎக்ஸெக் (புரோகிராமை ஓடவிடாது), நோசூயிட் (சூயிட் பர்மிஷனை மதிக்காது) இருக்கக்கூடாது. ஓடுகிற சிஸ்டத்தில், புரோகிராம்கள் இருக்கும் /யூஎஸ்ஆரைத் தொடவேண்டாம்.

கே: இதற்கு எதற்கு பைண்ட்? சிம்லிங்க் (வேறு பாதையைச் சுட்டும் லிங்க்) போட்டால் போதுமே. /யூஎஸ்ஆர்/ஷேரையே அப்படி /டேட்டா/ஷேருக்கு நகர்த்தியிருக்கிறேன்.

ப: /யூஎஸ்ஆர்/ஷேரில் '../லிப்' என்று சுட்டும் லிங்க் ஒன்று இருந்தால், இப்போது அது /டேட்டா/லிப்பைத் தேடும். பைண்டில் அந்தச் சிக்கல் இல்லை.

கே: டிபிகேஜி ஃபோல்டர் சிம்லிங்கை மதிக்கிறதே?

ப: மதிக்கும், மறுக்கவில்லை. ஆனால் எந்தப் புரோகிராம் எந்த ஃபைலைத் தொடலாம் என்று கட்டுப்படுத்தும் ஆப்ஆர்மர், லிங்க் போய்ச்சேரும் உண்மையான பாதையைத்தான் பார்க்கும். அந்தப் புரோகிராமின் புரொஃபைலில் /டேட்டா இல்லையென்றால் தடுத்துவிடும். லாக்கில் 'டினைட்' என்று வரும், நீங்கள் பர்மிஷனைக் குடைந்துகொண்டிருப்பீர்கள்.

கே: எனக்கு இதுவரை எதுவும் உடையவில்லை.

ப: நல்லது. அடுத்தவருக்குச் சிபாரிசு செய்யாதீர்கள்.

கே: ஃபெடோராவில் அதன் பேக்கேஜ் இன்ஸ்டாலரான டிஎன்எஃப்புக்கு --இன்ஸ்டால்ரூட் கொடுத்தேன். சின்ன எடிட்டருக்கு சிஸ்டத்தின் அடிப்படை லைப்ரரியான ஜிலிப்சி உட்பட எல்லாம் இறங்குகிறது!

ப: இறங்கத்தான் செய்யும். அந்த ஃபோல்டரில் ஆர்பிஎம் (ஃபெடோராவின் டிபிகேஜி போன்றது) டேட்டாபேஸ் காலி. அதன் கணக்கில் அங்கே எதுவுமே இல்லை. ஆர்பிஎம்மில் இடம் மாற்றி இன்ஸ்டால் செய்ய --பிரிஃபிக்ஸ் உண்டு. 'ஆர்பிஎம் -கியூபிஐ' கொடுத்து ரீலொகேஷன்ஸ் வரியைப் பாருங்கள். 'நாட் ரீலொகேட்டபிள்' என்றிருந்தால், அல்லது அந்த வரியே இல்லையென்றால், விட்டுவிடுங்கள். பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும்.

கே: ஆபீஸ் சர்வரில் எனக்கு சூடோ (அட்மின் அனுமதி) இல்லை. ஹோம்புரூ என்ற பேக்கேஜ் மேனேஜரை என் ஹோமில் போடலாமா?

ப: போடலாம், ஆனால் அதன் ரெடிமேட் பைனரிகளில் பல /ஹோம்/லினக்ஸ்புரூ பாதைக்கென்றே கட்டியவை. வேறு இடமென்றால் சோர்ஸிலிருந்து கம்பைல் ஆகும், நேரம் தின்னும். கோண்டா என்ற பேக்கேஜ் மேனேஜர் எளிது.

கே: டெபியனில் ஏபிடிக்கு இன்ஸ்டால் ஃபோல்டரை மாற்றுவது எப்படி?

ப: மேலே உள்ள முதல் பதில்தான் இதற்கும்.

கே: /யூஎஸ்ஆரை முழுதாக எம்வி கொடுத்து நகர்த்தினால்?

ப: முடிந்த மறுகணம், ஃபைல்களைப் பட்டியலிடும் எல்எஸ்கூட ஓடாது, புரோகிராம்களைத் தொடங்கிவைக்கும் டைனமிக் லோடரும் அதற்குள்தான். லைவ் யூஎஸ்பியில் பூட் செய்து ரூட் பார்ட்டிஷனைப் பெரிதாக்குங்கள்.